எப்படிச் செய்தால் வரும்?

பாஷ் ஷெல்லோடு சேர்ந்தே ‘பாஷ்பக்’ என்றொரு சிறு நிரலும் வருகிறது. பிழையைத் தெரிவிக்க அதை ஓட்டினால், ஷெல்லின் பதிப்பு, இயந்திரம், கம்பைலர் விவரங்களைத் தானே நிரப்பி, ஒரு படிவத்தை எடிட்டரில் திறந்து வைக்கும். நாம் எழுத வேண்டியது கொஞ்சம்தான்: என்ன நடந்தது, என்னென்ன செய்தால் அது மறுபடி நடக்கும், தெரிந்தால் திருத்தம். திருத்தம் தெரியாவிட்டால் அந்தப் பகுதியே வேண்டாம் என்று படிவமே சொல்லிவிடுகிறது.

உயிர்நாடி அந்த நடுக் கேள்விதான். “ஸ்கிரிப்ட் ஓடவில்லை” என்ற ஒற்றை வரியை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் சரிசெய்ய முடியாது. நூறு வரி ஸ்கிரிப்டை வெட்டி வெட்டி, பிழை இன்னும் தலைகாட்டுகிற மூன்று வரியாக்கி அனுப்புகிறவர் பாதி வேலையை முடித்துக் கொடுத்துவிடுகிறார். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன என்று இரண்டையும் எழுதினால் இன்னும் நல்லது. புது வசதி கேட்பவரும், அது இல்லாமல் இன்று எந்த வேலைக்கு எப்படிச் சுற்றி வளைக்க வேண்டியிருக்கிறது என்று காட்டட்டும்.

பாதுகாப்பு ஓட்டை என்றால் முறையே வேறு. பின்னர் ‘ஷெல்ஷாக்’ என்று பேர்பெற்ற ஓட்டை 1989 முதல் பாஷில் இருந்தது. 2014 செப்டம்பரில் அதைக் கண்டுபிடித்த ஸ்டெஃபான் ஷாஸலா ஊரைக் கூட்டவில்லை. பாஷைப் பராமரிக்கும் செட் ரேமிக்குத் தனியாக எழுதினார். முதல் திருத்தம் தயாரான பிறகே, செப்டம்பர் 24 அன்று, விஷயம் வெளியே வந்தது.