வானிலை காரணமாக

ஐப்பசி, கார்த்திகையில் தூத்துக்குடிக்கு விமானத்தில் வருகிறவர்களுக்கு இது நேர்வதுண்டு. சன்னலுக்கு வெளியே உப்பளப் பாத்திகள் தெரியவேண்டிய நேரத்தில் வெறும் சாம்பல் மேகம்தான் தெரியும். இறங்கிக்கொண்டிருந்த விமானம் சட்டென்று மூக்கை உயர்த்தி மேலே ஏறும், கொஞ்ச நேரம் வட்டமடிக்கும். பிறகு அறிவிப்பு வரும்: மோசமான வானிலை காரணமாக மதுரைக்குச் செல்கிறோம். தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளத்தில் மகன் காரோடு காத்திருக்க, அப்பா மதுரையில் இறங்கி ஏறத்தாழ 140 கிலோமீட்டர் சாலைவழி வரவேண்டும். கல்யாண வீட்டுக்கு வருகிறவர் என்றால் முகூர்த்தம் தவறும். துக்க வீட்டுக்கு வருகிறவர் என்றால் கடைசியாக முகம் பார்ப்பது தவறும்.

வாகைக்குளத்தில் 2025 ஜூலை 26 அன்று புதிய முனையம் திறக்கப்பட்டது. 1,350 மீட்டராக இருந்த ஓடுபாதை 3,115 மீட்டராக நீண்டிருக்கிறது. ஓடுபாதை எவ்வளவு நீண்டாலும் மேகம் தரையைத் தொட்டுவிட்டால் அது கண்ணுக்குத் தெரியாது. இறங்கும் முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எல்லை உயரம் உண்டு. அந்த உயரம் வரை வந்தும் பாதை தெரியவில்லை என்றால் விமானி மேலே ஏறியே ஆகவேண்டும். அதனால்தான் மாற்று விமான நிலையத்துக்குப் போக வேண்டிய எரிபொருளையும், அங்கே போன பின் அரை மணி நேரம் வானில் சுற்றப் போதுமானதையும் முதலிலேயே நிரப்புகிறார்கள். போய்ச் சேராமல் போகலாம் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொரு விமானமும் புறப்படுகிறது. பயணிகள் அப்படிப் புறப்படுவதில்லை.

அவர்களுடைய கோபம் யார் மேல் திரும்பும்? விமானி சரியாகத்தான் செய்தார். மேகத்திடம் கத்த முடியாது. கடைசியில் கவுண்டரில் நிற்கும் இளம் ஊழியர்தான் ஏச்சு வாங்குகிறார்.

ஆங்கிலேயச் சட்ட மரபு இத்தகைய நிகழ்வுகளுக்கு வைத்த பெயர் 'கடவுளின் செயல்'. மனிதக் கை படாமல், முன்கூட்டித் தடுக்கவும் முடியாமல் நேர்ந்தது என்று அதற்குப் பொருள். 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை கடவுளை இழுக்கவில்லை. தாமதத்தைத் தவிர்க்க நியாயமாகச் செய்யக்கூடியதை எல்லாம் செய்துவிட்ட நிறுவனம் பொறுப்பாகாது என்று மட்டும் சொல்கிறது. இந்திய விதிகளிலும் வானிலையால் நேர்ந்த ரத்துக்கு இழப்பீடு கிடையாது. ஆக, கடவுளின் செயல் என்று ஒரு வழக்கறிஞர் சொன்னால் யாருக்கும் யாரும் கடன்படவில்லை என்று அர்த்தம். தூத்துக்குடிக் கடற்கரையில் ஒரு பாட்டி 'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லும்போது அதற்கும் அதே அர்த்தம்தானா?

பதில் தேடி, இதே கரையில் உள்ள மணப்பாட்டுக்குப் போகலாம். கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மணற்குன்றின் மேல் திருச்சிலுவை ஆலயம் நிற்கிறது. 1540 வாக்கில் ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் நன்னம்பிக்கை முனையைக் கடக்கும்போது புயலில் சிக்கியது, பாய் கிழிந்தது, பாய்மரம் முறிந்தது என்பது அவ்வூர் மரபு. பத்திரமாகக் கரை சேர்ந்தால், முறிந்த மரத்திலேயே சிலுவை செய்து சேர்ந்த இடத்தில் நாட்டுவதாகக் கப்பல் தலைவர் நேர்ந்துகொண்டார். காற்று கப்பலை இந்தக் கரைக்குக் கொண்டுவந்தது. அவர் சொன்னபடியே செய்தார். அவர் வர நினைத்த ஊர் இதுவாக இருந்திருக்காது. இன்று ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 14இல் அந்தக் குன்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டம் நிறைகிறது.

இதற்குத் தமிழ் வைத்திருக்கும் சொல் நேர்த்திக்கடன். திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவரும், தூத்துக்குடிப் பனிமய மாதாவின் தேரில் வடம் பிடிக்கிறவரும் அதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். சட்டம் கடன் இல்லை என்று கணக்கை மூடும் இடத்தில் இந்தக் கரையின் பக்தி கணக்கைத் திறக்கிறது. புயலை அனுப்பியது யார் என்ற விசாரணை அந்தக் கப்பல் தலைவருக்கு முக்கியமாகப் படவில்லை. தப்பினால் தான் என்ன செய்யக் கடமைப்பட்டவன் என்பதே அவர் கேள்வி.

மணப்பாட்டுக் குகையில் தங்கியதாகச் சொல்லப்படும் புனித சவேரியாரின் வாழ்க்கையோ காற்றுக்குக் காத்திருந்தே கழிந்தது. 1541 ஏப்ரல் 7 அன்று லிஸ்பனில் கப்பல் ஏறியவர், பருவக்காற்றைத் தவறவிட்டு மொசாம்பிக் தீவில் சுமார் ஆறு மாதம் கிடந்தார். கோவா வந்து சேர்ந்தது 1542 மே 6 அன்று. அந்த ஆண்டே முத்துக்குளித்துறை எனப்படும் இந்தக் கரைக்கு வந்தார். 1545இல் நாகப்பட்டினத்திலிருந்து குமரிமுனைப் பக்கம் திரும்ப நினைத்தபோது எதிர்க்காற்று விடவில்லை. வேறு வழியின்றி மயிலாப்பூர் சாந்தோம் போனார். அங்கே கழித்த நான்கு மாத ஜெபத்தில்தான் மலாக்காவுக்குப் போவதென்று முடிவெடுத்தார். அந்தப் பாதை பின்னால் ஜப்பான் வரை நீண்டது.

இத்தோடு நிறுத்தினால் கதை அழகாக முடியும். நடப்பதெல்லாம் நன்மைக்கே என்று சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய கடைசிக் காத்திருப்பு 1552இல், சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில். தன்னை ரகசியமாகக் கான்டனுக்குக் கூட்டிப்போக ஒப்புக்கொண்ட வணிகரின் படகு வரவில்லை. டிசம்பர் 3 அன்று காய்ச்சலில் இறந்தார். முந்தைய தாமதங்களில் திட்டம் ஒன்றைக் கண்டவர்கள் இந்தத் தாமதத்தில் எதைக் காண்பார்கள்?

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது குமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் ஆழ்கடலுக்குப் போன மீனவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. எச்சரிக்கை வருமுன்பே பலர் கடலில் வெகுதூரம் போயிருந்தார்கள். அந்த வீடுகளில் போய் எல்லாம் நன்மைக்கே என்று சொல்ல எந்த மதத்துக்கும் உரிமை இல்லை. 'கடவுளின் செயல்' என்று சொல்லி நழுவ எந்த அரசுக்கும் உரிமை இல்லை.

தூத்துக்குடி வ.உ.சிதம்பரனார் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றும் வழக்கத்தை இங்கே நினைக்கத் தோன்றுகிறது. 1 முதல் 11 வரை எண்கள். 1 என்றால் தொலைதூரக் கடலில் புயல். 10 என்றால் பேராபத்து. 11ஆம் எண் காற்றின் வேகத்தைச் சொல்வதே இல்லை. எச்சரிக்கை மையத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது, ஆயினும் ஆபத்து இருப்பதாக உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்று அதற்குப் பொருள். மேலிருந்து சொல் வராத நேரத்திலும் கூண்டை ஏற்றவேண்டிய பொறுப்பு யாரோ ஒருவருக்கு இருக்கிறது. இறைவனின் மௌனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்த 11ஆம் எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

காயல்பட்டினத்து முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் கடல் கடந்து வணிகம் செய்தவர்கள். நாளைக்கு வருகிறேன் என்பதோடு 'இன்ஷா அல்லாஹ்' சேர்ப்பது அவர்கள் பேச்சில் ஊறியது. பயணியின் களைப்பை அவர்கள் மார்க்கமும் அறிந்திருக்கிறது. நான்கு ரக்அத் தொழுகையைப் பயணத்தில் இரண்டாகச் சுருக்கிக்கொள்ளலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பும்படி நபிகள் நாயகம் ஒருவருக்குச் சொன்னதாக திர்மிதீ தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. விமானத்தில் நிரப்பும் அந்த அரை மணி நேர எரிபொருளும் ஒட்டகத்தைக் கட்டும் கயிறுதான்.

அந்தக் காயல்பட்டினத்தில்தான் 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தமிழகத்தின் ஓராண்டுச் சராசரியை ஏறக்குறைய எட்டும் அளவு. தாமிரபரணி கரை புரண்டது. சாலை, தண்டவாளம் இரண்டும் அறுந்தன.

இப்படி வழியில் சிக்கிக்கொள்கிறவர்கள் விஷயத்தில் சட்டமும் ஓரிடத்தில் இந்தக் கரையின் பக்கம் ஓரடி நகர்ந்திருக்கிறது. 2010இல் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் ஐரோப்பிய வானம் மூடப்பட்டு, தவித்துப்போன பயணி ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு தராமல் இருக்கலாம், ஆனால் உணவும் தங்குமிடமும் தரும் கடமை எந்த இயற்கைச் சீற்றத்திலும் நீங்காது என்றது. யார் தவறு என்பது வேறு கேள்வி, பசித்தவருக்கு யார் சோறு போடுவது என்பது வேறு கேள்வி. இரண்டையும் பிரித்ததுதான் அந்தத் தீர்ப்பின் அருமை.

அந்த இரண்டாம் கேள்விக்கு ஸ்ரீவைகுண்டத்தில் தீர்ப்பு தேவைப்படவில்லை. காயல்பட்டினத்தில் கொட்டிய அதே மழையில், 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் அவ்வூர் ரயில் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துவிட்டது. வண்டியில் சுமார் 800 பேர். ஒரு பகுதியினர் பக்கத்துப் பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். சாலை மூழ்கியதால் 500 பேர் அளவில் நிலையத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். பெரும்பாலோர் முருகனைத் தரிசித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தவர்கள். வெளியுலகத் தொடர்பு இல்லை, வருவதாகச் சொன்ன உதவியும் வரவில்லை.

வந்தவர்கள் பக்கத்துப் புதுக்குடி மக்கள். அவர்கள் ஊரையும் தண்ணீர் சூழ்ந்திருந்தது. இருந்த அரிசியைக் கொண்டு கோயிலில் உலை வைத்து, சமைத்த சோற்றை நிலையத்துக்குச் சுமந்து வந்தார்கள். 19ஆம் தேதி ஹெலிகாப்டர் உணவுப் பொட்டலம் போடும் வரை அந்தச் சோறுதான் பெரிய ஆதாரம். அன்றே மீட்கப்பட்ட பயணிகள் வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் சென்னைக்குப் புறப்பட்டார்கள். புதுக்குடியைச் சுற்றி அப்போதும் வெள்ளம் நின்றிருந்தது.