கேள்வியோடு காத்திருத்தல்

திருவருகைக் காலம் கிறிஸ்தவ வழிபாட்டு ஆண்டின் தொடக்கம். நவம்பர் 30 புனித அந்திரேயா திருநாள். அதற்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று இக்காலம் தொடங்கும். நான்கு ஞாயிறுகள் கொண்ட இது ஓராண்டு 22 நாளில் முடியும், இன்னோர் ஆண்டு 28 நாள்வரை நீளும். கத்தோலிக்க ஆலயங்களில் குருவின் திருவுடை ஊதா நிறத்துக்கு மாறும்; ஞாயிறு திருப்பலியில் வானவர் கீதம் இருக்காது. தென்னிந்தியத் திருச்சபையில் இக்காலத்தை அட்வெந்து என்று சொல்வதுண்டு.

பெங்களூரில் திருவருகைக் காலத்தின் இந்த அடக்கத்தைக் காப்பது எளிதல்ல. சிவாஜிநகர் புனித மரியன்னை பேராலயத்தில் தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும் திருப்பலிகளில் 'வருவார்' என்ற வாக்குறுதிதான் வாசிக்கப்படுகிறது. வெளியே வந்தால் ரசல் மார்க்கெட் பக்கம் காகித நட்சத்திரங்களும் குடில் பொம்மைகளும் தொங்குகின்றன. அங்கே கிறிஸ்துமஸ் வந்தே விட்டது. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் காத்திருந்தால் சரக்கு தேங்கிவிடும்.

முதல் ஞாயிறு வாசகங்களில் தொழுவமும் இல்லை, குழந்தையும் இல்லை. மானிட மகன் மீண்டும் வரும் வேளை எவருக்கும் தெரியாது, ஆகவே விழித்திருக்க வேண்டும் என்பதே அன்றைய செய்தி. டிசம்பர் 25-ஐ எதிர்பார்த்து நாள் எண்ண நாட்காட்டி போதும். நாளே குறிக்கப்படாத ஒன்றுக்குக் காத்திருக்க, வருவதாகச் சொன்னவர்மேல் நம்பிக்கை வேண்டும்.

ஞாயிறுக்கு ஒன்றாக மெழுகுதிரி ஏற்றும் வழக்கம் ஜெர்மனியில் பிறந்தது. ஹாம்பர்க் நகரில் ஏழைச் சிறுவர் இல்லம் நடத்திய லூத்தரன் போதகர் விக்கெர்ன் 1839-ல் ஒரு சக்கரத்தில் மெழுகுதிரிகளைப் பொருத்தினார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் கேட்டதே அதற்குக் காரணம் என்பார்கள். இந்திய வழிபாட்டில் மெழுகுதிரிக்குப் பதிலாக எண்ணெய் விளக்கு ஏற்றவும் 1969-ல் ரோமின் ஒப்புதல் கிடைத்தது. அந்த மாற்றத்துக்குப் பின்னால் நின்றவர் தமிழரான குரு டி. எஸ். அமலோர்பவதாஸ், பெங்களூரில் 1967-ல் தொடங்கிய தேசிய விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு மையத்தின் நிறுவனர்.

மூன்றாம் ஞாயிறு மகிழ்ச்சி ஞாயிறு. அன்று குரு இளஞ்சிவப்பு உடை அணியலாம். ஆனால் வாசகங்களின் மூன்றாண்டுச் சுழற்சியில் ஓராண்டு, அந்த மகிழ்ச்சி நாளுக்குரிய நற்செய்தி ஒரு சிறைக்கைதியின் ஐயம். இயேசுவை ஊருக்கு அறிவித்த திருமுழுக்கு யோவானே, வர வேண்டியவர் இவர்தானா, இல்லை இன்னொருவருக்காகக் காத்திருக்க வேண்டுமா என்று ஏரோதின் சிறையிலிருந்து ஆளனுப்பிக் கேட்கிறார். இயேசு ஆம் என்றும் சொல்லவில்லை, கோபிக்கவும் இல்லை. பார்வையற்றோர் பார்ப்பதையும் கால் ஊனமுற்றோர் நடப்பதையும் போய்ச் சொல்லுங்கள் என்கிறார். கேட்டவரைக் கூட்டத்தின் முன் புகழவும் செய்கிறார். யோவானின் சிறைக்கதவு மட்டும் திறக்கவில்லை. இந்தப் பகுதியை மகிழ்ச்சி ஞாயிறுக்கென்று தேர்ந்தவர்களுக்குத் துணிச்சல் அதிகம்.

பெர்லினின் தேகல் சிறையிலிருந்தும் இருவர் திருவருகைக் காலத்தைப் பற்றி எழுதினார்கள். 1943 நவம்பரில் லூத்தரன் இறையியலாளர் போன்ஹோஃபர், கதவை உள்ளிருப்பவரால் திறக்க முடியாத தம் அறையை இக்காலத்தோடு ஒப்பிட்டார். மறு ஆண்டு அதே சிறையில் இயேசு சபைக் குரு ஆல்பிரட் டெல்ப், விலங்கிட்ட கைகளோடு திருவருகைக் காலத் தியானங்களை எழுதினார். 1944 டிசம்பர் 8 அன்று சிறைக்குள்ளேயே தம் இறுதி வார்த்தைப்பாட்டையும் கொடுத்தார். 1945 பிப்ரவரி 2-ல் டெல்ப் கொல்லப்பட்டார். ஏப்ரல் 9-ல் போன்ஹோஃபர். காத்திருப்பவருக்கு விடுதலை நிச்சயம் என்று இலகுவாகப் பேசுவோர் இவ்விருவரையும் கடந்துதான் போக வேண்டும்.

டிசம்பர் 17 முதல் வாசகங்கள் பெத்லகேமை நெருங்குகின்றன. 19-ஆம் தேதி முதிய குரு செக்கரியாவின் முறை. பிள்ளை கேட்டு மன்றாடிய காலமெல்லாம் போய், ஆலயத்தில் தூபம் காட்டும்போது வானதூதர் வந்து மன்றாட்டு கேட்கப்பட்டது என்கிறார். இதை எப்படி நம்புவது என்று செக்கரியா கேட்டுவிடுகிறார். நெடுங்காலம் காத்திருந்தவர் பதில் வரும்போது நம்ப மறுப்பதில் வியப்பில்லை; ஏமாந்து ஏமாந்து மனம் தன்னைக் காத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. குழந்தை பிறந்து பெயரிடும்வரை அவருக்குப் பேச்சு இல்லை. ஆனால் அவர் ஐயப்பட்டார் என்பதற்காக வாக்குறுதி திரும்பப் பெறப்படவில்லை. 23-ஆம் தேதி வாசகத்தில் அந்தக் குழந்தை, திருமுழுக்கு யோவான், பிறக்கிறார்; தந்தையின் நா கட்டவிழ்கிறது. 24 காலைத் திருப்பலிக்கு நற்செய்தி செக்கரியாவின் பாடல். அன்று மாலைச் செபத்தோடு கிறிஸ்து பிறப்புக் காலம் தொடங்குகிறது.