திறப்பதற்கு முன் ஒரு கேள்வி

ஹைதராபாத்தின் சனத்நகர், ஆலைகளாலும் தொழிலாளர்களாலும் உருவான பகுதி. 1942இல் தோன்றிய ஹைதராபாத் ஆல்வின் நிறுவனம் இங்கிருந்துதான் இயங்கியது. பேருந்துக் கூண்டுகளும் குளிர்பதனப் பெட்டிகளும் செய்த அந்நிறுவனம், 1980களில் ஜப்பானின் சீகோ நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு கைக்கடிகாரங்களையும் தயாரித்தது. இன்று அந்த ஆல்வின் இல்லை. 1961இல் பெங்களூரில் கைக்கடிகாரத் தொழிற்சாலை அமைத்த ஹெச்.எம்.டி.யின் கடிகார நிறுவனத்தையும் மூடிவிட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது.

சாவி கொடுத்து ஓடும் பழைய கடிகாரங்கள் மட்டும் வீடுகளில் எஞ்சியுள்ளன. அவற்றைப் பழுது நீக்கத் தெரிந்தவர்கள் அருகிவிட்டனர். ஆகவே, தொழிலாக அல்லாமல் ஆர்வத்தால் அக்கலையைத் தாமே கற்க முற்படுகிறவர்கள் ஆங்காங்கே இருக்கிறார்கள்.

அத்தகைய ஒருவரைக் கற்பனை செய்து பார்ப்போம். அவர் சனத்நகரில் வாழும் ஓய்வுபெற்ற தொழிலாளி. இரண்டு பழைய சுவர்க் கடிகாரங்களை ஓடச் செய்துவிட்டார். செய்தி தெருவில் பரவுகிறது. ஒருநாள் பக்கத்து வீட்டு மூதாட்டி, காலஞ்சென்ற தம் கணவரின் கடிகாரத்தைப் புடவைத் தலைப்பில் பொதிந்து எடுத்து வருகிறார். "இதையும் கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள், தம்பி" என்கிறார்.

அவர் அதைத் திறக்கலாமா?

சிறிய கேள்வியாகத் தோன்றினாலும், இதனுள் பெரியதோர் அறக்கேள்வி அடங்கியுள்ளது. கற்பவன் தவறு செய்தே தீருவான். அந்தத் தவறின் விலையை யார் கொடுப்பது?

இரண்டு எளிய விடைகள்

'முழுத் தேர்ச்சி பெறாதவன் தொடவே கூடாது' என்பது ஒரு விடை. ஆனால், தொடாமல் தேர்ச்சி பெற்றவர் உலகில் எவருமில்லை. எல்லோரும் இவ்வாறு ஒதுங்கி நின்றால், அக்கலை ஒரு தலைமுறையோடு மறைந்துவிடும்.

'எண்ணம் நல்லது, எனவே தவறு நேர்ந்தாலும் குற்றமில்லை' என்பது மற்றொரு விடை. ஆனால், ஒடிந்த பல்லுக்கு உடைத்தவனின் எண்ணம் தெரியாது. மூதாட்டிக்கு அந்தக் கடிகாரம் ஒன்றுதான். நல்லெண்ணம் மனவருத்தத்தைக் குறைக்கலாம். பல்லைத் திருப்பித் தராது.

இவ்விரண்டுக்கும் இடையில் ஒரு வழி உண்டா? அதை அந்தக் கலையே கற்பிக்கிறது.

கலை கற்பிக்கும் ஒழுக்கம்

நின்றுபோன ஊசல் கடிகாரத்தைக் கண்டதும் திருப்புளியைத் தேடுவது கற்றுக்குட்டியின் இயல்பு. அனுபவசாலி முதலில் கடிகாரம் சாய்ந்து தொங்குகிறதா என்று பார்ப்பார். 'டிக்', 'டாக்' என்னும் இரண்டு ஒலிகளும் சம இடைவெளியில் கேட்க வேண்டும். சாய்வால் அந்தச் சமநிலை கெட்டாலே கடிகாரம் நின்றுவிடக்கூடும். பழுது இயந்திரத்தில் இல்லாமல் அது மாட்டப்பட்ட விதத்தில் இருக்கலாம். கோடையில் அது மெதுவாக ஓடுவதும் பழுதாகாது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுத் தண்டால் ஆன ஊசல், வெப்பம் பத்து டிகிரி உயர்ந்தால் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே நீளும். அதனாலேயே கடிகாரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஐந்து வினாடிகள் பின்தங்கிவிடும்.

திறந்தே ஆக வேண்டுமென்றால், முதற்காரியம் சுருள்வில்லின் விசையைத் தணிப்பது. சாவியை உறுதியாகப் பிடித்து, பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் கொண்டியை விலக்கி, விசையைச் சிறிது சிறிதாகக் கைக்குள்ளேயே இறக்க வேண்டும். முறுக்கேறிய நிலையில் தகடுகளைப் பிரித்தால், அடங்கியிருந்த விசை ஒரு நொடியில் பாய்ந்து பற்களை ஒடிக்கும், விரலையும் கிழிக்கும்.

அடுத்து, கழற்றும் ஒவ்வொன்றின் இடத்தையும் வரைந்து வைக்க வேண்டும். உடைந்த உறுப்பைவிட, உலர்ந்த எண்ணெயும் தூசியுமே பெரும்பாலும் கடிகாரத்தை நிறுத்துகின்றன. எனவே தூய்மை செய்வதே பணியின் பெரும்பகுதி. இறுதியில் அச்சு முனைகள் சுழலும் துளைகளுக்குத் துளியளவு எண்ணெய் போதும். அன்பு மிகுதியால் பற்சக்கரங்களின் மேலெல்லாம் எண்ணெய் பூசுபவன், தூசி ஒட்டுவதற்கே வழி செய்கிறான்.

இவை அனைத்தையும் எங்கே பழகுவது? சனத்நகரை அடுத்த எர்ரகட்டாவில் ஞாயிறுதோறும் பழைய பொருள்களின் சந்தை கூடுகிறது. அத்தகைய சந்தையில் யாருக்கும் வேண்டாத ஒரு கடிகாரத்தைச் சொந்தப் பணத்தில் வாங்கி அதில் பழகலாம். முதல் தவறின் விலையைத் தானே ஏற்பது என்பதன் நேரடிப் பொருள் இதுதான்.

ஓர் ஆர்வலரின் சான்று

தச்சுத் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிய ஆங்கிலேயர் ஜான் ஹாரிசன் (1693-1776), கடிகாரக் கலையைத் தாமே கற்றவர். கடலில் தீர்க்கரேகையை அறிய உதவும் துல்லியமான கடிகாரங்களைப் படைத்தார். அவை பிற்காலத்தில் கிரீன்விச் வானாய்வு நிலையத்தில் கவனிப்பாரின்றித் துருவேறிக் கிடந்தன. 1920இல் அவற்றைக் கண்டவர் கடற்படை அதிகாரி ரூபர்ட் கோல்ட். அவரும் கடிகாரத் தொழிலில் பயிற்சி பெற்றவர் அல்லர். முதல் உலகப்போரின் தொடக்கத்தில் மனநலம் குலைந்து மீண்டவர். பொறுப்பிலிருந்தவரிடம் முறையாக அனுமதி பெற்று, ஊதியமின்றி அவற்றைச் செப்பனிடத் தொடங்கினார். மூன்றாவது கடிகாரம் மட்டும் ஏழு ஆண்டுகளை விழுங்கியது. கண்ட ஒவ்வொன்றையும் படங்களோடு பதினெட்டுக் குறிப்பேடுகளில் பதிவு செய்தார்.

பட்டமோ பதவியோ கோல்டுக்குத் தகுதி தரவில்லை. அனுமதி கேட்டார், அவசரப்படவில்லை, தாம் செய்ததைப் பிறர் சரிபார்க்கும்படி எழுதி வைத்தார். பதில் சொல்லக் கடமைப்பட்டவராகத் தம்மைக் கருதியதே அவருடைய தகுதி.

மூதாட்டிக்கு என்ன பதில்?

நம் ஓய்வுபெற்ற தொழிலாளிக்கு இப்போது வழி தெளிவாகிறது. தெருவில் கிடைத்த பாராட்டு அவரைப் பிடித்துத் தள்ளும். அதற்கு இடங்கொடாமல் அவர் உண்மையைச் சொல்லலாம்: "அம்மா, நான் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன். இரண்டைத்தான் சரிசெய்திருக்கிறேன். இதைத் திறக்காமல் வெளியிலிருந்து பார்க்கிறேன். திறக்க வேண்டியிருந்தால் உங்களிடம் கேட்டுத்தான் திறப்பேன். என்னால் முடியாததென்று தெரிந்தால், அப்படியே மூடித் தந்துவிடுவேன்." இதைக் கேட்டபின் முடிவு மூதாட்டியுடையது. அவர் கடிகாரத்தைத் திரும்ப எடுத்துச் சென்றாலும், அன்று ஒரு நல்ல செயல் நடந்திருக்கிறது.

கடிகாரத்துக்குப் பொருந்தும் இந்த நெறி மனிதரிடத்தில் இன்னும் கடுமையாகப் பொருந்துகிறது. பெற்றோர் பிள்ளையிடத்தில் பழகுகிறார்கள்; ஆசிரியர் மாணவரிடத்தில்; அறிவுரை கூறுபவர் துயருற்றவரிடத்தில். பிறர் மனத்தைத் திருத்த நாம் எவ்வளவு விரைகிறோம்! அங்கே சாய்வைப் பார்ப்பதில்லை, விசையைத் தணிப்பதில்லை, அனுமதியும் கேட்பதில்லை. பழகுவதற்கென்று வேண்டாத மனம் ஒன்றை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

ஆனால், யார் அனுமதியும் கேளாமல் திறந்து பார்க்கக்கூடிய மனம் ஒன்று ஒவ்வொருவரிடமும் இருக்கிறது. அது தன்னுடையது. அதில் படிந்த தூசியைக் கண்டு, பொறுமையாகத் துடைத்து, தன் தவறுகளின் விலையைத் தானே செலுத்திப் பழகியவரிடம், பிறர் தம் கடிகாரங்களைத் தயக்கமின்றி ஒப்படைக்கலாம்.