அன்பு மட்டும் போதுமா?

சென்ற ஆண்டு எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேர் தாம்பரத்திற்குக் கிழக்கே உள்ள ஒரு சிறப்புப் பள்ளிக்கு மதிய உணவு கொண்டு சென்றோம். எங்களுள் மூத்தவர் ஒருவருக்கு அன்று அறுபது நிறைந்தது. பிரியாணி, இனிப்பு, பலூன்கள், பாட்டுப் போட ஓர் ஒலிபெருக்கி என்று குறைவில்லாமல் ஏற்பாடு செய்திருந்தோம். பாடல் தொடங்கி அரை நிமிடம் ஆகியிராது. முன்வரிசைச் சிறுவன் ஒருவன் இரு கைகளாலும் காதுகளைப் பொத்திக்கொண்டு தரையில் சுருண்டான். மற்றொருவன் தட்டைத் தள்ளிவிட்டு, தனக்கு வழக்கமான தயிர்ச்சோற்றைத் தேடி அழத் தொடங்கினான். பலூன் ஒன்று வெடித்தது. ஆசிரியை அருகில் வந்து, "ஐயா, பாட்டை மட்டும் நிறுத்திக்கொள்ளலாமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். திரும்பும் வழியில் எங்களில் எவரும் அதிகம் பேசவில்லை.

அன்பு செய்யச் சென்ற இடத்தில் துன்பம் செய்துவிட்டு வந்தோம் என்பதே உண்மை. எண்ணம் தூயதாயின் செயலும் நற்செயலே என்று நம்மில் பலர் கருதுகிறோம். அந்த நண்பகல் அக்கருத்தை அசைத்துவிட்டது. பிறர் துன்பத்தை அறியாத அன்பு, அன்புதானா? அறிந்துகொள்ள முயலாமை அறியாமையா, குற்றமா?

ஆட்டிசம் என்ற நிலையை, அமெரிக்காவில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943-இல் பதினொரு குழந்தைகளைப் பற்றிய கட்டுரையில் விரிவாக எழுதினார். இது நோயன்று, மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமையும் வேறுபாடு. ஆகவே மருந்து கொடுத்து நீக்கக்கூடியதுமன்று. சில பிள்ளைகள் பேசுவதே இல்லை. சிலர் ஓயாது பேசுவர், ஆயினும் உரையாடல் அவர்களுக்கு அரிதாகும். நமக்குக் கேட்காத மின்விசிறியின் முனகல் சிலருக்குப் பேரிரைச்சல். வழக்கம் மாறினால் சிலருக்கு உலகமே சரிகிறது.

இதன் காரணத்தைத் தேடியவர்கள் முதலில் கண்டுபிடித்தது தாயை! பனிக்கட்டி போன்ற தாயின் பாசமின்மையே காரணம் என்ற கொள்கை மேல்நாட்டில் பல்லாண்டு நிலவியது. ஆட்டிசம் உள்ள மகனைப் பெற்ற உளவியலாளர் பெர்னார்ட் ரிம்லாண்ட் 1964-இல் எழுதிய நூலே அதை ஆட்டம் காணச் செய்தது. 1969-இல் கானரே பெற்றோர் கூட்டமொன்றில் அவர்களைக் குற்றமற்றவர்கள் என்று விடுவித்தார். நம் தெருக்களிலோ அந்த விடுதலை இன்னும் வந்து சேரவில்லை. கைப்பேசி கொடுத்தாள், வேலைக்குப் போனாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்று பழி இன்றும் தாய்மீதே விழுகிறது. பிறவியிலேயே பார்வையற்றவரைக் கண்ட சீடர்கள், பாவம் செய்தவன் இவனா, இவன் பெற்றோரா என்று ஆண்டவரைக் கேட்டதும் அவர் இரண்டையும் மறுத்ததும் யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ளன. அந்தப் பகுதியைக் கோவிலில் கேட்டுவிட்டு, வாசற்படியிலேயே அதே கேள்வியைக் கேட்கிறோம்.

அன்றைய வெட்கத்தினால், பிறகு சிலமுறை அப்பள்ளிக்கு வெறுங்கையோடு சென்று வகுப்பறையின் ஓரத்தில் அமர்ந்திருந்தோம். அங்கே கண்டதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

சுவரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பட்டை. அதில் மேலிருந்து கீழாகச் சிறு பட அட்டைகள்: காலணி, பை, மணிகோத்தல், ஊஞ்சல், சாப்பாட்டுத் தட்டு, வீட்டுக்குச் செல்லும் வண்டி. ஒரு வேலை முடிந்ததும் பிள்ளையே அந்த அட்டையை எடுத்து ஒரு பெட்டியில் போடுகிறது. அடுத்து என்ன வரும் என்று தெரியாத அச்சமே பாதி அழுகைக்குக் காரணமாம். அட்டை அந்த அச்சத்தைத் தணிக்கிறது. பேச்சு வராத பிள்ளை தண்ணீர்க் குவளையின் படத்தை ஆசிரியையின் கையில் வைக்கிறது. அவர் உடனே தண்ணீர் தருகிறார். கேட்டால் கிடைக்கும் என்று அப்பிள்ளை அறிந்துகொள்ளும் அந்தக் கணத்திற்காகச் சில ஆசிரியர்கள் மாதக்கணக்கில் காத்திருப்பர். பல் துலக்குதல் நமக்கு ஒரு செயல்; அங்கே அது பத்துக்கும் மேற்பட்ட படிகள். பசையின் மூடியைத் திருகுவது ஒரு படி, திருகுவதை நிறுத்துவது மற்றொரு படி!

ஒரு சிறுவனுக்கு எண்களில் நாட்டமில்லை. ஆனால் தாம்பரம் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல், பரங்கிமலை, கிண்டி என்று மின்தொடர்வண்டி நிற்கும் வரிசையைப் பிழையின்றி ஒப்புவிப்பான். வீட்டார் அதைக் கிறுக்கு என்று அதட்டி நிறுத்தப் பார்த்தனர். ஆசிரியை நிலையங்களுக்கு எண் கொடுத்தார். பல்லாவரத்திலிருந்து கிண்டிக்கு எத்தனை நிலையம் என்ற வினாவில் அவனுடைய கணக்குப் பாடம் தொடங்கியது.

இதுவே அன்பு என்றால், இது கற்றுத் தேர்ந்த அன்பு. இதற்குப் பயிற்சி உண்டு, பட்டயம் உண்டு. 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவும் உண்டு. இந்த ஆசிரியரைத் தொண்டுள்ளம் கொண்டவர் என்று புகழ்ந்துவிட்டு, குறைந்த ஊதியத்தோடு விட்டுவிடுவது நம் வழக்கம். புகழ்ச்சி மலிவானது.

தனிப் பள்ளி வேண்டுமா, எல்லாரோடும் ஒரே பள்ளியா என்ற வழக்கு நெடுநாளையது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 40 விழுக்காட்டுக்குக் குறையாத குறைபாட்டுக்குச் சான்று பெற்ற 6 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைக்கு, அருகமைப் பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அளித்துள்ளது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலோ ஆட்டிசம் இடம்பெறவே இல்லை. எங்கள் கருத்தைக் கேட்டால், தனிப் பள்ளி தேவைதான். ஆனால் அது பிள்ளையை நம் கண்ணிலிருந்து மறைக்கும் மதிலாகிவிட்டால் அங்கே அநீதி தொடங்குகிறது. உரிமை ஏட்டில் இருக்க, வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே பேருந்துகள் இருக்கின்றன. நடுவண் அரசு 2005-இல் தொடங்கிய, பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் முட்டுக்காட்டில் உள்ளது. பெருங்களத்தூரிலிருந்து ஒரு தாய் அங்கே செல்ல வண்டலூர், கேளம்பாக்கம், கோவளம் என்று மாறி மாறிப் போக வேண்டும், ஒலிபெருக்கிக்கே அஞ்சும் பிள்ளையைக் கூட்டநெரிசலில் அணைத்துக்கொண்டு. வழியில் அவன் அலறினால், "பிள்ளையை அடக்கத் தெரியவில்லை" என்று சொல்லும் பயணி வேறு யாருமல்லர், நாம்தாம்.

கோவிலிலும் நாம் வேறாக இருப்பதில்லை. திருப்பலியில் ஒரு பிள்ளை சத்தமிட்டால் எத்தனை தலைகள் திரும்புகின்றன! புதுநன்மை வாங்க, "முதலில் அவனுக்குப் புரியட்டும்" என்கிறோம். நமக்கு முழுவதும் புரிந்துதான் வாங்குகிறோமா என்பது இருக்கட்டும். இத்தகையோருக்கு அருளடையாளங்களை யாரும் மறுக்க இயலாது என்று 2020-இல் உரோமை வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டி தெளிவாகவே கூறுகிறது.

பள்ளி வாசலில் காத்திருந்த தாய் ஒருவரோடு பேசினோம். அவர் மகனுக்குப் பதினேழு வயது. தாயைவிட ஒரு சாண் உயரம். 18 நிறைந்தபின் சட்டப்படி அவன் பெரியவன். அவன் சார்பில் கையொப்பமிட வேண்டுமானால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் அங்கம் வகிக்கும் குழுவிடம் விண்ணப்பித்துப் பெற்ற தாயே காப்பாளர் என்ற ஆணையை வாங்க வேண்டும். அதற்கான தாள்களைக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அவருடைய கவலை அந்தத் தாள்களைப் பற்றியதன்று. "பள்ளி முடிந்த பிறகு இவன் காலையில் எழுந்து எங்கே போவான்? எனக்குப் பிறகு இவனை யார் எழுப்புவார்கள்?" என்றார். எங்களிடம் விடை இல்லை. அடுத்த ஞாயிறு மாலைத் திருப்பலிக்கு அவனை அழைத்து வாருங்கள் என்று மட்டும் சொன்னோம். அவர் தயங்கினார். பூசையில் திடீரென்று அடிக்கும் மணிக்கு அஞ்சி, ஐந்து வயதில் ஓடியவனைப் பிறகு அழைத்து வந்ததே இல்லையாம்.

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஆசிரியை, திருப்பலிக்கும் ஒரு பட அட்டை வரிசை செய்து தருவதாகச் சொல்லித் தாளும் பென்சிலும் எடுத்து வந்தார். அவர் நம் சமயத்தவர் அல்லர். "முதலில் என்ன நடக்கும்? மணி எந்தெந்த இடத்தில் அடிப்பார்கள்? ஒவ்வொரு முறையும் எத்தனை தடவை?" என்று கேட்டார். நாற்பது ஆண்டுகளாகத் திருப்பலி கண்டுவரும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். ஒருவர் மூன்று என்றார். மற்றவர் நான்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்துவிட்டு வந்து சொல்வதாகக் கூறி எழுந்தோம்.