கணக்கேடும் கடைவழியும்

15ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் வழங்கிய ‘எவ்ரிமேன்’ என்னும் அறநாடகத்தின் ஆசிரியர் யாரென்று தெரியவில்லை. மாந்தர் யாவருக்குமாக நிற்கும் ஒருவனை, இறைவன் ஏவிய மரணம் கணக்கேட்டுடன் வருமாறு அழைக்கிறது. ஆயிரம் பவுன் தருவதாகச் சொல்லியும் தவணை கிடைக்கவில்லை. துணைவர நண்பன் மறுக்கிறான். உறவினன் ஒருவனோ கால்விரல் பிடித்துக்கொண்டது என்கிறான்! செல்வம் மட்டும் ஒளிவின்றிப் பேசுகிறது: இரவலாகவே வந்தேன் என்று.

ஆயினும், இவர்கள் கைவிட்டதைவிட நம்மை உறுத்துவது வேறு. நற்செயல் என்பாள் உடன்வர இசைகிறாள். ஆனால் எழ வலுவின்றித் தரையில் கிடக்கிறாள். அவளை அந்நிலைக்கு ஆளாக்கியவன் அவனே. ஏட்டிலும் ஓர் எழுத்துத் தெரியவில்லை. அவன் பாவங்களை அறிக்கையிட்டுத் தன்னை வருத்திக்கொண்ட பின்னரே அவள் எழுகிறாள். அழகும் வலிமையும் ஐம்புலன்களும் புதைகுழியருகே விலகுகின்றன. அறிவுங்கூட (கற்றோர் பொறுத்தருள்க) வெளியே நின்றுவிடுகிறது. அவள் மட்டுமே உடன் இறங்குகிறாள்.

இதற்கிடையே ஒரு சிறு செய்தி. தன் உடைமையில் பாதியைத் தருமத்துக்கும், மறுபாதியைச் சேரவேண்டிய இடத்தில் திருப்பிச் சேர்க்கவும் அவன் எழுதிவைக்கிறான். அப்படியானால் அது பிறர் பொருள். உரியவர் யார், எத்தனை ஆண்டு அவன் வாயிலில் காத்திருந்தார் என்பதை நாடகம் சொல்லவில்லை. நாம் நூலை மூடிய பின்னும் அவரையே எண்ணிக்கொண்டிருந்தோம்.