சேற்றில் இறங்கி அளந்தவன்

முதல் குண்டைச் சுடுகிறவன் மட்டும்தான் வீரனா? யார் சொன்னது? குண்டு வெடிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே எதிரியின் வாசலுக்குப் போய், இருட்டில், இடுப்பளவு சேற்றில் இறங்கி ஆழம் பார்த்துவிட்டு வந்தானே ஒருவன், அவனைத் தெரியுமா உனக்கு? யூஜின் கிளார்க். அமெரிக்கக் கடற்படை லெப்டினன்ட். எழுத்தர் வேலையில் தொடங்கி அதிகாரியாக உயர்ந்தவன். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அவன் கதையை நீ கேட்டே ஆக வேண்டும், தம்பி.

1950, கொரியப் போர். தென்கொரியப் படையும் அமெரிக்கப் படையும் வடகொரியப் படையால் தெற்கே பூசான் மூலையில் நெருக்கப்பட்டுக் கிடந்தன. எதிரியின் முதுகுப்புறத்தில், இஞ்சோன் துறைமுகத்தில் படையை இறக்குவேன் என்றார் ஜெனரல் மெக்கார்தர். அனுபவசாலிகளே தலையில் கைவைத்தார்கள். அங்கே கடலே எதிரி. ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே சுமார் முப்பதடி வித்தியாசம்! நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. நீர் ஏறினால் எதிரே கல்லால் கட்டிய கடற்சுவர். பெரிய படகுகள் வர வாகான நாள் செப்டம்பர் 15. தவறினால் அக்டோபர் வரை காத்திருக்க வேண்டும்.

எவ்வளவு நீர் நிற்கும், சேறு ஆளைத் தாங்குமா, சுவர் எத்தனை அடி, துறைமுகத்தை ஒட்டிய வோல்மி தீவில் பீரங்கிகள் எங்கெங்கே இருக்கின்றன? படையை இறக்க உதவும் உளவு அதிகாரியின் வேலை இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுவதுதான். அறையில் உட்கார்ந்து வரைபடத்தைப் புரட்டினால் விடை கிடைக்காது. யாராவது போய்ப் பார்க்க வேண்டும்.

கிளார்க் போனான். செப்டம்பர் 1 அன்று, இரண்டு கொரிய அதிகாரிகளோடு, இஞ்சோனுக்கு அருகிலுள்ள யோங்ஹங் தீவில் இறங்கினான். அந்தத் தீவின் இளைஞர்கள் அவனுக்குக் கண்ணும் காதுமானார்கள். மீன்பிடிப் படகில் இஞ்சோனுக்குள் போய் வந்து, பார்த்ததைச் சொன்னார்கள். படை இறங்கும் திட்டம் முழுவதும் அவனுக்குத் தெரியும். அதனால் உயிரோடு பிடிபடக் கூடாது என்று கையெறிகுண்டு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்திருந்தான்.

சேற்றைப் பற்றி மட்டும் அவன் பிறர் வாய்ச்சொல்லோடு நிற்கவில்லை. இரவில் தானே போய் இறங்கினான். கால் புதைந்தது, முழங்கால் புதைந்தது, இடுப்பு வரை போனது. ஆளும் வண்டியும் இதில் நகர முடியாது என்று டோக்கியோவில் இருந்த மெக்கார்தரின் தலைமையகத்துக்குச் செய்தி போனது. கடலேற்றத்துக்கு அமெரிக்க அட்டவணை ஒன்று, ஜப்பானிய அட்டவணை ஒன்று என இரண்டு இருந்தன. நேரில் பார்த்து, ஜப்பானியர்களுடையதே சரி என்றான். தன் நாட்டு அட்டவணை ஆயிற்றே என்று தயங்கவில்லை. எனக்கு அவனுடைய கைக்குண்டைவிட இந்த நேர்மைதான் பெரிதாகத் தெரிகிறது.

செப்டம்பர் 15 பிறந்த நள்ளிரவு. இஞ்சோனுக்குப் போகும் வழியிலுள்ள பல்மி தீவின் கலங்கரை விளக்கில் கிளார்க் ஏற்றிய ஒளி ஒடுங்கிய நீர்வழியில் விழுந்தது. கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தன. அன்று மாலை, நீர் ஏறிய நேரத்தில், கடற்சுவரில் ஏணி சாத்தி ஏறினார்கள் மரைன் வீரர்கள். ஏணி கையில் இருந்தது! சுவர் எப்படிப்பட்டது என்பது முன்பே தெரிந்திருந்ததால் இருந்தது. செப்டம்பர் முடிவதற்குள் தென்கொரியத் தலைநகர் சியோல் மீட்கப்பட்டது.

கடலைத் தப்பாகக் கணித்தால் என்ன நடக்கும் என்பதற்கு 1943 நவம்பரில் பசிபிக்கில் நடந்த தராவா சண்டை சாட்சி. நீர் எதிர்பார்த்த அளவு ஏறவில்லை. படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் சுடுகுண்டு மழையில் நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். மூன்று நாளில் சுமார் ஆயிரம் அமெரிக்கர்கள் இறந்தார்கள். பவளப்பாறை மேல் தண்ணீர் போதாது என்று அந்தத் தீவில் பல்லாண்டு வாழ்ந்தவர் ஒருவர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

யோங்ஹங் தீவுக்காரர்களையும் மறக்காதே. கிளார்க்குக்கு உதவிய குற்றத்துக்காக அந்த ஊரில் ஐம்பது பேர் வரை வடகொரியப் படையினரால் கொல்லப்பட்டார்கள். அந்த வெற்றியில் அவர்கள் ரத்தமும் இருக்கிறது. கிளார்க் தன் அனுபவங்களை எழுதிவைத்தான். அது நூலாக வந்தது 2002இல், அவன் இறந்த பிறகு. அரை நூற்றாண்டு கைதட்டலுக்குக் காத்திராத மனிதன்!

இப்போது உன்னிடம் கேட்கிறேன். ஆங்கிலத்தில் நேர்முகம் என்றால் நடுங்குகிறாய். கடன் வாங்கித் தொழில் தொடங்கப் பயப்படுகிறாய். தங்கச்சி, நீ வெளியூர் வேலைக்கு யோசித்துக்கொண்டே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டாய். எதைக் கண்டு பயம்? நேரில் பார்த்தாயா? யாரோ சொன்ன ஆழத்தைக் கேட்டே கரையில் நிற்கிறாயே! அந்த வேலையில் இருப்பவரிடம் போய் உட்கார்ந்து பேசு. வங்கி வாசலை மிதித்து வட்டி எவ்வளவு, அடமானம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள். அந்த ஊருக்கு ஒரு பேருந்து ஏறிப் போய், விடுதி வாடகையையும் சாப்பாட்டுச் செலவையும் விசாரித்துவிட்டு வா. நீ நம்பியிருந்த கணக்கு தப்பென்று தெரிந்தால் கூச்சப்படாமல் கிழித்துப் போட்டுப் புதுக்கணக்கு எழுது. எழுத்தராகத் தொடங்கிய ஒருவனால் ஒரு படையே நம்பும் கணக்கைத் தர முடிந்ததென்றால், உன் கணக்கை உன்னால் போட முடியாதா? நாளைக் காலையிலேயே கிளம்பு!