உப்பு எங்கே போகிறது?

போன வருடம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்கு டாஷ்போர்டு ஒன்று எழுதிக்கொடுத்தேன். பையர்களுக்கு அனுப்பும் சுற்றுச்சூழல் அறிக்கைக்காக. ஒரு கிலோ துணிக்கு எத்தனை லிட்டர் தண்ணீர், எத்தனை யூனிட் மின்சாரம், எத்தனை கிலோ விறகு என்று மாதாமாதம் எண்களைப் போட்டால் பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும். கோட்டை எந்த வருடத்திலிருந்து தொடங்குவது என்று கேட்டேன்.

"2020 போடுங்க தம்பி. கோடு நல்லா எறங்கும்" என்றார் மேனேஜர்.

அவர் சொன்னது சரிதான். ஊரடங்கு வருடத்தில் உற்பத்தி பாதி. துணி குறைந்தாலும் பாய்லரைச் சூடாக்க எரிக்கும் விறகு அந்த அளவுக்குக் குறையாது. அதனால் கிலோவுக்கான கணக்கு அந்த வருடம் மட்டும் எகிறி நின்றது. அதை அடிப்படை ஆண்டாக வைத்தால், ஒன்றுமே செய்யாமல் இருந்தாலும் அடுத்தடுத்த வருடங்கள் முன்னேற்றமாகத் தெரியும். அறிக்கையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. கான்ஃபிக் ஃபைலில் ஒரே ஒரு இலக்கத்தை மாற்றினேன். இரண்டு நிமிட வேலை.

வீட்டுக்கு வந்தபிறகு அது உறுத்தியது. என் ஊர் திருமுருகன்பூண்டி. வெளியூர்க்காரர்களுக்குச் சிற்பக்கூடங்களால் தெரிந்த ஊர். கல் உளிச் சத்தத்தில் வளர்ந்தேன் என்று எழுதினால் அழகாக இருக்கும், ஆனால் எங்கள் வீட்டில் சோறு போட்டது சாயம். அப்பா டையிங் மாஸ்டர். இருபது வருடத்துக்கும் மேலாகத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளில் ஷேடு பிடித்தவர். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போனாலும் நக இடுக்கில் நீலமோ மெரூனோ இருக்கும்.

சாயத்தில் உப்பின் வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். "உப்பு துணிக்குள்ள போகாது கண்ணு. சாயத்தை உள்ள தள்ளிட்டு அது தண்ணியிலயே நின்னுக்கும்." பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போடும்போது, அடர்நிறம் என்றால் லிட்டருக்கு 60, 80 கிராம் என்று உப்பு கொட்ட வேண்டும். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 60 கிராம் என்று வைத்தாலே கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. நாம் போடும் 200 கிராம் கறுப்பு டி-ஷர்ட்டுக்கு ஏறக்குறைய 100 கிராம். அதில் ஒரு கிராம்கூட சட்டையோடு நம் வீட்டுக்கு வருவதில்லை. எல்லாம் வந்த இடத்திலேயே தங்குகிறது.

தொண்ணூறுகளில் கட்டிய முதல் சுத்திகரிப்பு நிலையங்கள் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை எடுத்தன. கரைந்த உப்பை எடுக்க அவற்றுக்கு வழியில்லை. சிவப்பாகப் போகவேண்டிய தண்ணீர் வெளுத்துப்போய் நொய்யலில் கலந்தது. கண்ணுக்குத் தெரிந்தது போய்விட்டதால் பலரும் பிரச்சினை தீர்ந்தது என்றே நினைத்தார்கள். கீழே ஒரத்துப்பாளையத்தில் பாசனத்துக்கென்று 1992இல் கட்டிமுடித்த அணை அந்தத் தண்ணீரைத் தேக்கியது. சில வருடங்களிலேயே, அணையில் தண்ணீரே தேக்காதீர்கள் என்று விவசாயிகள் கேட்கும் நிலை வந்தது. அணை கட்டச்சொல்லிப் போராடிய கதைகள் நம் ஊரில் நிறைய உண்டு. இது தலைகீழான கதை.

2006இல் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்தேன். ஹாஸ்டல் அறைத்தோழன் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே, நொய்யல் கரைக்காரன். முதல் வாரம், "உங்கப்பா என்ன மாப்ள பண்றாரு?" என்று கேட்டான். "டெக்ஸ்டைல்ல இருக்காரு" என்றேன். அந்த டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்தது: கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே வரக்கூடாது, அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம். 6 காசில் தொடங்கி 10 காசு வரை. வழக்குப் போட்டது நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள். மெஸ்ஸில் பேப்பரை விரித்து அவன் அதைப் படித்துக்கொண்டிருந்தான். எதிரில் உட்கார்ந்து நான் தோசை தின்றேன். அந்த செமஸ்டர் ஃபீஸை அப்பா கட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மூன்றாம் வருடம் அவன் அக்கா கல்யாணத்துக்குப் போனேன். சமையலுக்கு டேங்கர் தண்ணீர். கிணற்றடியில் குளித்தபோது சோப்பு நுரைக்கவே இல்லை. காய்ந்த வயலில் வெள்ளையாகப் பொரிந்திருந்ததை அவன் அப்பா காலால் கிளறிக் காட்டினார். தென்னை மரங்களில் பாதிக்கு மண்டை இல்லை.

"எந்த ஊருங்க தம்பி?"

"அவிநாசிப் பக்கங்க."

அவர் விடவில்லை. பக்கத்தில் எது என்று கேட்டார். சொன்னேன். "அட, பூண்டியா! சாமியே கொள்ளையடிச்ச ஊரு" என்று சிரித்தார். சேரமான் கொடுத்த பொன்னோடு வந்த சுந்தரரை, சிவனின் பூதகணங்களே வேடராக வந்து வழிப்பறி செய்ததாகவும், அவர் பாடியபின் எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்ததாகவும் எங்கள் கோயிலின் தலவரலாறு. அவர் வேறெதையும் நினைத்துச் சொல்லவில்லை. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

2009இல் உச்ச நீதிமன்றமும் அந்தத் தீர்ப்பை உறுதிசெய்தது. அப்போதும் முழுமையாக நடக்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, எல்லாச் சாய, சலவை ஆலைகளையும் பொது சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடு, மின் இணைப்பைத் துண்டி என்றது உயர் நீதிமன்றம். நான் அப்போது பெங்களூரில் புது வேலையில் இருந்தேன். அப்பா ஃபோனில், "ஃபீசைப் புடுங்கிட்டாங்க கண்ணு" என்றார். ஊரே ஸ்தம்பித்தது. வேலையிழந்தவர்களில் பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள், அவர்கள் எந்த வாய்க்காலையும் தீர்மானித்தவர்கள் இல்லை. துணி சாயமேறுவதற்கு லாரியில் வெளி மாநிலங்களுக்குப் போனது. அப்பாவும் நாலு மாதம் ஒரு வெளிமாநில ஆலைக்குப் போனார். அங்கேயும் ஒரு வாய்க்கால் இருந்திருக்கும். அது என்ன நிறத்தில் ஓடியது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

பிறகு அரசு சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்தது, தொழில்நுட்பமும் கைகூடியது. உயிரியல் தொட்டி, ஆர்.ஓ., மிஞ்சும் உப்புக்கரைசலைக் காய்ச்சும் எவாப்பரேட்டர். தண்ணீரில் 90 சதவீதத்துக்கு மேல் மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்புகிறது. உப்பிலும் பெரும்பகுதி திரும்புகிறது. இன்று திருப்பூரின் ஒவ்வொரு விளம்பரக் கையேட்டிலும் ஜீரோ டிஸ்சார்ஜ் முதல் பக்கத்தில் நிற்கிறது. ஃபீஸைப் பிடுங்கியபின் வந்த ஞானம் என்று அதில் போடுவதில்லை.

கான்ட் 1785இல் வெளியிட்ட அறநூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரம் தெரியாத குழந்தை வந்தாலும் அதே விலைக்கே விற்பவர். ஆனால் வியாபாரம் கெடக்கூடாதே என்பதற்காக அப்படிச் செய்கிறார் என்றால், அது கடமைக்கு ஒத்துப்போகும் செயலே தவிர, கடமையுணர்விலிருந்து பிறந்ததல்ல, ஆகவே அதற்குத் தனித்த அறமதிப்பு இல்லை என்கிறார் கான்ட். கல்லூரியில் இதைப் படித்தபோது சபாஷ் என்று கோடு போட்டு வைத்தேன். இப்போது அவ்வளவு உற்சாகமில்லை. என் அப்பாவுக்கு மனசாட்சி இருந்தது. ராத்திரியில் வாய்க்கால் மதகைத் திறக்கும் சத்தம் கேட்டால் அவருக்குத் தூக்கம் வராது, அம்மா சொல்லியிருக்கிறாள். இருபது வருடம் அந்த மனசாட்சியால் ஒரு லிட்டரைக்கூடத் தடுக்க முடியவில்லை. ஒரு தீர்ப்பும் மின்வாரிய ஊழியரின் கட்டிங் பிளேயரும் தடுத்தன. நொய்யலுக்கு நோக்கமா முக்கியம்? கட்டாயத்தால் வந்த நல்லதை நக்கலடிக்க எனக்கு மனசு வரவில்லை. (நொய்யல் இன்று தெளிந்து ஓடுகிறது என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர்ச் சாக்கடைக்குத் தீர்ப்பு எழுத ஆயிரம் பேர் வேண்டும்.)

ஆனால் கட்டாயம் மீட்டர் இருக்கும் இடம்வரைதான் வரும். கான்ட் அங்கேதான் திரும்ப வந்து என் தோளைத் தட்டுகிறார். அந்த நிறுவனத்துக்குச் சொந்தமாக சுத்திகரிப்பு நிலையம் உண்டு. டாஷ்போர்டு வேலையாக அங்கே போனபோது, எவாப்பரேட்டருக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்றைப் பார்த்தேன். உள்ளே கூரை முட்ட மூட்டைகள். திரும்பப் பயன்படுத்த முடியாத கலப்பு உப்பு. சாயமும் கசடும் சேர்ந்து பழுப்பேறிய உப்பு. மழை படக்கூடாது, மண்ணில் சேரக்கூடாது, கடலும் பக்கத்தில் இல்லை. வெளியே விறகு லாரிகள் வரிசையில் நின்றன, அத்தனை தண்ணீரையும் காய்ச்ச வேண்டுமே. ஜீரோ என்பது வாய்க்காலின் வாயில் நின்று பார்த்தால் ஜீரோ. இதற்கெல்லாம் ஆகும் செலவைப் பீஸ் விலையில் சேர்க்கச் சொன்னால் சான்றிதழ் கேட்கும் அதே பையர் வேறு நாட்டுக்குப் போய்விடுவேன் என்பார். அது தனிக் கட்டுரை.

என் பச்சைக் கோடு கிலோவுக்கு எவ்வளவு என்று மட்டும் சொல்கிறது. கிலோக்கள் கூடிக்கொண்டே போவதை அது சொல்லாது. கொட்டகையில் ஏற்கெனவே கிடப்பதையும், ஒரத்துப்பாளையத்து மண்ணில் இறங்கியதையும் சொல்லாது. "டெக்ஸ்டைல்ல இருக்காரு", "அவிநாசிப் பக்கங்க", அடிப்படை ஆண்டு 2020. மூன்றுமே உண்மை.

அடுத்த வாரம் மேனேஜரிடம், கலப்பு உப்பு இருப்பையும் ஒரு கட்டமாகச் சேர்க்கலாமா என்றேன். "பையர் கேக்கலியே தம்பி" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உள்ளீட்டுப் பக்கத்தில் இருக்கட்டும், அறிக்கையில் வேண்டாம் என்று முடிவானது. 2020ஐ மாற்றுவது பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அந்த தைரியம் அன்று வரவில்லை, பில் பாக்கி இருந்தது.

இரண்டு நாள் கழித்து சுத்திகரிப்பு நிலைய ஆபரேட்டர் பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, புதுசா ஒரு கட்டம் வந்திருக்குதுங்க. இதுல எதை எழுதறதுங்? இந்த மாசம் சேந்ததா, மொத்தம் கெடக்கறதா?"

"மொத்தம்" என்றேன்.

"அப்ப எடை போடணுமுங்ணா. அடியில கெடக்கற மூட்டையெல்லாம் கிழிஞ்சு கெடக்குது. நாலு நாள் ஆகும்" என்றான்.